டாக்டரம்மா கேட்டதும் நான் சொன்னதும்

கோல சிலாங்கூர் பக்கத்து அரசாங்க கிளினிக்குகளில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் நர்ஸை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது தாண்டி, முடி நரைத்து, முழங்கால் வலியோடு நடந்தபோதும் நான் மிஸ்ஸிதான். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை பார்ப்பது, நடமாட முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது எல்லாம் என் வேலை. அது போக இன்னொரு வேலையும் இருந்தது. மலாய் டாக்டரோ சீன டாக்டரோ ஒரு தமிழ் நோயாளியிடம் முக்கியமாக எதையாவது பேச வேண்டியிருந்தால் என்னை அழைப்பார்கள். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். நோயாளி சொல்வதைத் திருப்பிச் சொல்வேன்.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நானும் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் புற்றுநோய் என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. 'அந்த வியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. அதனால் டாக்டர் சொல்வதை அப்படியே கொட்டிவிடாமல் எங்கே நிறுத்த வேண்டும், எதை மெதுவாக்க வேண்டும் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். குடும்பத்தார் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியாச் சொன்னீங்க மிஸ்ஸி" என்பார்கள். கேட்டுக் கேட்டு அது பழகிவிட்டது.

ஈஜோக்கிலிருந்து ஒரு கணவன் மனைவி எங்கள் கிளினிக்குக்கு வருவார்கள். அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு தோட்டத்தில் நீண்ட காலம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிந்த பிறகு, சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களோடு மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். தானே குலை வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். அதே சட்டையைத்தான் கிளினிக்குக்கும் போட்டுக்கொண்டு வருவார். அவர் மனைவி அதிகம் பேசாதவர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்யும் மகள் ஒருத்தி உண்டு.

அவருக்கு இருமல் விடாமல் இருந்தது. உடம்பு இளைத்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எல்லாச் சோதனையும் முடித்து, ஒட்டிய உறைக்குள் ஒரு கடிதம் கொடுத்து, எங்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

பார்க்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மனைவி மட்டும் தனியாக வந்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் வரும்வரை நின்றிருந்தார். உறையை மகள் பிரித்துப் படித்துவிட்டாள். நுரையீரலில் புற்று. ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியிருக்கிறது. வெட்டி எடுக்க முடியாது, வலிக்கும் மூச்சுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுதியிருந்தது.

"அவருகிட்ட சொல்லாதீங்க மிஸ்ஸி" என்றார் அந்த அக்கா. "அவரோட அண்ணனுக்கும் இதே வியாதிதான். சொன்ன அன்னைலேர்ந்து செவுத்தப் பாத்துப் படுத்தவரு, ஒரு வாய் சோறு திங்கல. மூணு வாரத்துல முடிஞ்சிருச்சு. இவரும் அதே ரத்தம்தானே."

அவர் அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. "நான் பாத்துக்கறேன் அக்கா" என்று சொன்னேன்.

எங்கள் டாக்டர் சரவாக்கிலிருந்து வந்த சீனப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. முக்கியமான பேச்சு என்றால் மேசைக்குப் பின்னாலிருந்து நாற்காலியை இழுத்து வந்து நோயாளிக்கு நேர் எதிரில் முழங்கால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். மண்டோருக்கு மலாய் தெரியும். ஆனால் அது தோட்டத்து மலாய். மழை, எடை, லோரி, ஆள் கணக்கு இவற்றுக்கு அது போதும். "இதை அவர் தன் மொழியில் கேட்கட்டும்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசத் தொடங்கினார். பேசும்போது அவரைத்தான் பார்த்தார்.

டாக்டர் கேட்டது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "உங்கள் சோதனை முடிவு வந்துவிட்டது. அதைப் பேசுவதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். சிலர் தங்கள் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள நினைப்பார்கள். சிலருக்கு முக்கியமானது மட்டும் போதும். சிலர் எதுவும் வேண்டாம், குடும்பத்தாரிடம் சொல்லுங்கள் என்பார்கள். எதுவும் தப்பில்லை. உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? இன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு நாளைக்கு மனம் மாறினாலும் என்னிடம் வந்து கேட்கலாம்."

மண்டோர் என் பக்கம் திரும்பினார். அவர் மனைவியும் திரும்பினார்.

"அண்ணே, வைத்தியத்தப் பத்தியெல்லாம் அக்காகிட்ட பேசிக்கலாமான்னு டாக்டரம்மா கேக்குறாங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். "பேசிக்கங்க" என்றார் மண்டோர்.

"குடும்பத்தாரிடம் சொல்லச் சொல்கிறார்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் இன்னொரு முறை கேட்டார்: "நிச்சயமாகத்தானா?" நான் மறுபடியும் அவரிடம் கேட்காமலேயே தலையாட்டினேன். டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், "நுரையீரல்ல புண்ணு அண்ணே. ஆற நாளாகும்" என்று சொல்லி மாத்திரைகளை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினேன். புற்று என்று இருந்த இடத்தில் புண் என்று வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன் என்று அப்போது தோன்றியது. அந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அடுத்த மாதம் அவர்கள் மருந்து வாங்க வந்தபோது, மனைவி வரிசையில் நின்றார். மண்டோர் என்னைத் தேடிக்கொண்டு கட்டுப் போடும் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"நம்ம மரமெல்லாம் ரொம்ப ஒசந்துபோச்சு. அருவாக் கம்பு எட்ட மாட்டேங்குது, எட்டினாலும் எனக்கு இப்ப மூச்சு வாங்குது. எல்லாத்தையும் சாச்சிட்டுப் புதுசா கன்னு வைக்கலாம்னு இருக்கேன். வச்சா மூணு வருசத்துக்குக் காய்ப்பு கெடையாது." கதவு நிலையில் கையை ஊன்றினார். "வைக்கலாமா?"

கையில் இருந்த பஞ்சை நான் சுருட்டிக்கொண்டே இருந்தேன். செம்பனையைப் பற்றி ஒரு மண்டோர் என்னிடம் ஏன் கேட்கிறார் என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். ஈஜோக்கில் அதைக் கேட்க எத்தனையோ பேர் இருந்தார்கள்.

"வைங்க அண்ணே. நல்லதுதானே" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்துக்குள் மண்வாரி இயந்திரம் வந்து அத்தனை மரத்தையும் சாய்த்தது. நான் வேலைக்குப் போகும் பாதையிலிருந்தே அந்த நிலம் தெரியும். நிழலாக இருந்த இடத்தில் திடீரென்று வானம் தெரிந்தது. சிவப்பு மண்ணில் வரிசை பிடித்துக் கன்றுகள் நட்டிருந்தார்கள். ஒரு நாள் காரை நிறுத்திப் பார்த்தேன். அவர் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, கூலிக்கு வந்திருந்த இரண்டு வங்காளதேச ஆட்களுக்குக் கையை நீட்டி வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

நான்கு மாதத்தில் அவரால் கிளினிக்குக்கு வர முடியாமல் போயிற்று. வாரம் ஒரு முறை நான் வீட்டுக்குப் போனேன். வலிக்கு டாக்டர் கொடுக்கும் தண்ணி மருந்தைக் கொண்டுபோய், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டுவேன். முதுகில் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். டாக்டர் இரண்டு முறை என்னுடன் வந்தார். ஒரு முறை, "அவர் ஏதாவது கேட்டாரா?" என்று காரில் விசாரித்தார். "இல்லை" என்றேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம். அக்கா கோழிக்குத் தீனி போடவோ என்னவோ பின்பக்கம் போயிருந்தார். தகரக் கூரையில் மழை இரைந்தது. அவர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மா பேசுனது நீளமா இருந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னிக்கு அண்ணே?"

"மொத நாளு. ஆஸ்பத்திரி கடுதாசி கொண்டாந்த அன்னிக்கு. அவங்க பேசுனாங்க பேசுனாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க. என் மூஞ்சியப் பாத்தே பேசுனாங்க. நீங்க சொன்னது ஒரு வரி." அவருக்கு மூச்சு வாங்கியது. நான் காத்திருந்தேன். "மத்ததெல்லாம் எங்க போச்சு மிஸ்ஸி?"

பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் தோட்டத்துத் தொர பேசுறத ஆளுங்களுக்குச் சொன்னவன்தான். எதச் சொல்லணும், எத முழுங்கணும்னு எனக்கும் தெரியும். தோட்டத்த விக்கப் போறாங்கன்னு தொர எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னாரு. ஆளுங்ககிட்ட இப்ப வாயத் தொறக்காதே, கலவரமாயிடும்னாரு. நானும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். ஆறு மாசம் மிஸ்ஸி. அந்த ஆறு மாசத்துல ஒருத்தன் லயத்து வீட்டுக்குப் பின்னால சமையலுக்குன்னு புதுசா குசினி இழுத்துக் கட்டினான். பலகை வாங்கி, தகரம் வாங்கி. கட்டும்போது நான் பக்கத்துல நின்னு பாத்தேன். நல்லா இருக்குடான்னு சொன்னேன்."

மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"அதான் ஒங்ககிட்ட அன்னிக்கு வந்து கேட்டேன்" என்றார். "கன்னு வைக்கலாமான்னு. நீங்களும் நல்லதுன்னு சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது செம்பனையைப் பற்றியே இல்லை. டாக்டர் கேட்ட கேள்வியை நான் விழுங்கிவிட்டதால், தனக்குத் தெரிந்த வழியில் அவரே அதைக் கேட்டிருக்கிறார். மூன்று வருடம் இருப்பேனா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"அண்ணே, இப்பச் சொல்லட்டுமா? எல்லாத்தையும் சொல்றேன்" என்றேன்.

அவர் யோசித்தார். "எல்லாம் வேணாம். பேரெல்லாம் வேணாம், அது எனக்கே தெரியும். எங்க அண்ணன் இருமுன சத்தம்தான் எனக்கும் வருது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கன்னு காய்க்கிறத நான் பாப்பேனா?"

"மாட்டீங்க அண்ணே."

"கிறிஸ்மஸ்?"

"கஷ்டம்தான்."

"சரி" என்றார். "அது போதும்."

அழுதேன் என்றால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று என் பக்கம் குனிந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீங்க. பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் தைரியமா இருக்கா. ஒடஞ்சிட்டான்னா என்னால பாக்க முடியாது மிஸ்ஸி."

நான் தலையாட்டினேன். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசுறீங்க?" என்றார் சிரித்த முகத்தோடு. "கோழியப் பத்தித்தான்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் இருந்தார். அந்த ஆறு வாரமும் நான் அந்த வீட்டுக்குப் போய் வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர். அவருக்குத் தெரியாது என்று அக்கா என்னிடம் கண்ஜாடை காட்டுவார். அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவர் என்னைப் பார்ப்பார். வரப்போகிற கிறிஸ்மஸுக்குச் சட்டை தைப்பது பற்றி இருவரும் என் முன்னால் பேசிக்கொள்வார்கள். எந்த நிறம் என்பதில் சண்டைகூட வந்தது. அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாசலில் செருப்பை மாட்டும்போதெல்லாம், திரும்பிப் போய் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விடுவேன்.

கிறிஸ்மஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில் அவர் இறந்தார். கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் அக்கா எல்லார் முன்னிலையிலும் என்னைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமே தெரியாமப் போயிட்டாரு மிஸ்ஸி. பயப்படாமப் போனாரு. எல்லாம் ஒங்களாலதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. போதகர் ஜெபம் முடிக்கும் முன்பே கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. தமிழ்ப் படம் ஓடும்போது தொலைக்காட்சியில் கீழே மலாய் எழுத்து வரும். ஒருவன் நாலு வரி பேசுவான், கீழே அரை வரிதான் வரும். முன்பு அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது படம் போய்விட்டது, எழுத்தை மட்டும்தான் பார்க்கிறேன். விட்டுப்போனது என்ன என்று தேடுகிறேன். கடையில் யாராவது இரண்டு மொழியில் பேசினாலும் அப்படித்தான். "மத்ததெல்லாம் எங்க போச்சு மிஸ்ஸி?" என்ற குரல் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோபமே இல்லாத குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட குரல்.

பழைய நோயாளிகளும் ஒவ்வொருவராக நினைவுக்கு வரத் தொடங்கினார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, டாக்டர் பேசி முடித்து நான் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று நினைத்து அதையே உரக்கத் திரும்பச் சொன்னேன். இன்னொருவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "வேற ஏதும் சொல்லலையா?" என்றார். "இல்லை" என்றேன். அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள், அதில் எத்தனை கேள்விகள் என் காதில் விழாமல் போயின? அவர்கள் யாரையும் இனிமேல் போய்க் கேட்க முடியாது.

அதன் பிறகு மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். டாக்டர் மூச்சு விட்ட இடத்தில்தான் நானும் மூச்சு விட்டேன். சில குடும்பத்தார் என்மேல் கோபப்பட்டார்கள். ஒருவர், "ஒங்களுக்கு ஈரமே இல்லையா லா?" என்று கேட்டார். நோயாளிகள் பலவிதமாகச் சொன்னார்கள். உலு யாமிலிருந்து வந்த ஒரு ஆசிரியை எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். ஒரு லோரி டிரைவர், "வேணாம், மக கிட்ட சொல்லுங்க, நான் வெளிய போய் நிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார். அதையும் கேட்டுக்கொண்டேன். அது அவர் வாயால் சொன்னது.

அக்கா அந்த நிலத்தை விடவில்லை. கன்று காய்ப்புக்கு வரும்வரை வருமானம் இல்லை என்பதால் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் காய்கறி நறுக்கப் போனார். அவரைச் சாலையில் பார்த்தால் வண்டியை நிறுத்துவேன். ஏற்றிக்கொண்டு போய் விடுவேன். நலம் விசாரிப்போம். அதற்கு மேல் நான் எதையும் பேசியதில்லை.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது, அக்கா நோயாளியாக வந்தார். மார்பில் கட்டி. சதை எடுத்துச் சோதித்த முடிவு வந்திருந்தது. அந்த சரவாக் டாக்டர் மாற்றலாகிப் போய், அப்போது ஒரு மலாய் டாக்டர் இருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எண் கூப்பிடும்வரை நானும் அக்காவும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு மொத்தத்தையும் சொல்லிரணும் மிஸ்ஸி" என்றார். "அவருக்குச் செஞ்ச மாதிரி எனக்குச் செஞ்சிராதீங்க."

"சொல்றேன் அக்கா."

எண் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்குன்னு வந்ததும் நேத்தெல்லாம் அதே யோசனை. தெரியாம இருக்கறது எவ்வளவு கொடுமையா இருக்குது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தகூட எங்கிட்ட கேக்கலையே. ஒங்ககிட்டயாவது கேட்டாரா?"

அவருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. ஆனால் இந்த அம்மா என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்கிறார். இன்னொரு முறை 'இல்லை' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"கேட்டாரு அக்கா. நான் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"மழை நேரம். நீங்க பின்னால கோழிக்குப் போயிருந்தீங்க."

"அதுக்கப்புறம் எத்தன நாளு இருந்தாரு?"

"ஆறு வாரம். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. நீங்க ஒடஞ்சிருவீங்கன்னு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் தடுப்பூசி விளம்பரம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்தார். பார்த்தபடியே பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கடைசில தெனமும் மத்தியானம் என்னையக் கூப்பிடுவாரு. வா, பக்கத்துல ஒக்காரு, கன்னுக்கு எந்த உரம் எப்பப் போடணும், யாருகிட்ட வாங்கணும், சொல்றேன், கேட்டுக்கன்னுவாரு. 'நல்லானதும் நீங்களே போய்ப் போடுங்க, எனக்கு எதுக்கு இப்ப'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். ஒக்காந்து கேட்டா சந்தேகம் வந்துருமேன்னு." அவர் வாய் கோணியது. "தெரிஞ்சுதான் கூப்பிட்டிருக்காரு. நான் ஒரு நாளுகூட ஒக்காரல மிஸ்ஸி."

எண் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நீங்க வர வேணாம். நானே பேசிக்கிறேன்."

உள்ளே போய்விட்டார். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாகப் பிடிக்காது. ஒரு விரல் அளவுக்குத் திறந்தே நிற்கும். அவருடைய மலாய் கேண்டீனில் கற்ற மலாய். டாக்டர் பேசினார். அவர் "லாகி?" என்றார். இன்னும் என்று அர்த்தம். டாக்டர் மறுபடி பேசினார். "லாகி?" ஒரு சொல் புரியாமல் திரும்பக் கேட்டார், டாக்டர் தாளில் வரைந்து காட்டினார் போலிருக்கிறது, பேனா உரசும் சத்தம் வந்தது. மறுபடி "லாகி?" அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அந்த பெஞ்சிலேயே இருந்தேன். வெளியே வந்தவர் என்னைக் கடந்து போகும்போது லேசாகத் தலையை அசைத்தார்.

நல்லவேளை, கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். அறுவை முடிந்து பிழைத்துக்கொண்டார். மகளோடு ரவாங்கில் தங்கி அங்கேயே மருத்துவம் பார்த்துக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கிளினிக்குக்கு அவர் திரும்ப வரவில்லை.

போன மாதம் ரவாங்கில் ஒரு பேரங்காடியில் அந்த மகளைப் பார்த்தேன். தள்ளுவண்டியில் பிள்ளையை உட்கார வைத்திருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, அம்மா நல்லா இருக்காங்க. செக்கப்லாம் ஓகேயாம்." பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா லெட்டர நான் ஓப்பன் பண்ணதுதான் இன்னும் மனசுல இருக்கு. நான்தான் சொல்ல வேணாம்னு அம்மாகிட்ட மொதல்ல சொன்னேன். அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுதானே ஆண்ட்டி?"

அம்மாவைக் கேட்டிருக்க மாட்டாளா? கேட்காமலா இருந்திருப்பாள்?

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"தெரியாதுன்னுதான் எப்பவும் சொல்றாங்க. நிம்மதியாத் தூங்குனாருன்னு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்கிறாளா, முக்கியமானது மட்டும் கேட்கிறாளா, எதுவும் வேண்டாம் என்கிறாளா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளை பிஸ்கட்டைக் கீழே போட்டது. நான் குனிந்து அதை எடுத்தேன்.

"அம்மாகிட்ட இன்னொரு தடவ கேளு மா" என்றேன். "பக்கத்துல ஒக்காந்து கேளு."

அவள் சிரித்துக்கொண்டே, "ஏன் ஆண்ட்டி?" என்றாள். சிரிப்பு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.